எதுகையில் மாட்டிக்கொண்ட ஜடையன்

கவிதையால் சமூகத்தை மாற்ற முடியுமா என்று கேட்பவர்களைக் கேசவமூர்த்தி ஒரு காலத்தில் பரிதாபமாகப் பார்ப்பார். இப்போது யாராவது கேட்டால் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுகிறார். முடியும் என்று அவருக்குச் சந்தேகமறத் தெரிந்துபோனதுதான் காரணம்.

மேல்கோட்டைப் பக்கத்திலிருந்து எந்தத் தலைமுறையிலோ மைசூருக்கு வந்து ஊன்றிய வைஷ்ணவக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், ஹெப்பாளில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. ஒரு பேரிங் மயிரிழை பிசகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதே கண்டிப்பு கவிதையிலும் உண்டு. தமிழில் யோசித்துக் கன்னடத்தில் எழுதுவார். நாம் எதுகை என்பதை அவர்கள் பிராசம் என்கிறார்கள். ஆனால் இரண்டு மொழிக்கும் உயிர் இரண்டாம் எழுத்தில்தான் இருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். இரண்டாம் எழுத்து ஒன்றாத ஒரு வரி அவர் கையை விட்டு வெளியே போனதில்லை. எதுகை இல்லாமல் எழுதுகிறவர்கள்மேல் அவருக்குக் கோபமில்லை, கருணைதான்.

தொழிற்சாலையில் வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்தில் கோஷம் எழுதும் போட்டி நடக்கும். முதல் பரிசு எப்போதும் இவருக்குத்தான். பரிசு எப்போதும் எவர்சில்வர் டிபன் டப்பாதான். ஹெல்மெட்டைப் பற்றிய இவருடைய ஈரடி பட்டறைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்து ஹெல்மெட் போட்டுக்கொண்டவர் யாருமில்லை. அது வாசகர்களின் குறை.

இப்படிப்பட்டவர் குடியிருந்த லேஅவுட்டில் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது.

மனை போட்டு விற்ற கம்பெனியே போர்வெல் போட்டுத் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீர், பின்பக்கம் நீச்சல் குளத்தோடு வில்லாக்கள் எழும்பிய பிறகு, வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற விருந்தாளி ஆயிற்று. வில்லாக்களுக்கு முதலில் விடு என்று உத்தரவிட்டவர் கம்பெனி மேனேஜர் ஹ்ருஷிகேஷ். இது லேஅவுட்டில் எல்லோருக்கும் தெரியும். உத்தரவுப்படி வால்வைத் திருகுகிறவர் ஜடையன். எல்லையோர ராமாபுரத்துக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளி. ஆளுயர இரும்புச் சாவியை மொபெட்டில் குறுக்கே வைத்துக்கொண்டு தெருத் தெருவாய்ப் போவார். இதுவும் எல்லோருக்கும் தெரியும்.

கேசவமூர்த்திக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. மாசி மாதம் அவர் அப்பாவுடைய ச்ராத்தம் வந்தது. அன்றைக்குத் தெருவுக்குத் தண்ணீர் முறை இல்லை. மடியாய்ச் சமைக்க லாரித் தண்ணீரா என்று மனைவி பத்மாஸினி கலங்கியபோது, இவர் ஜடையனிடம் போய் நின்றார். விடிவதற்குள் இவர்கள் தெரு வால்வைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஜடையன் போய்விட்டார். கொடுத்த காபியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பங்குனியில் குடியிருப்போர் சங்கம் கம்பெனி ஆபீஸ் வாசலில் ஆர்ப்பாட்டம் என்று தீர்மானித்தது. சங்கச் செயலாளர் ஸுஷ்மா, வங்கியில் வேலை பார்ப்பவர், கேசவமூர்த்தியிடம் வந்து கோஷம் ஒன்று வேண்டும், நாளைக் காலைக்குள் என்றார். வாழ்நாள் முழுக்க ஹெல்மெட்டையும் கையுறையையும் பாடிய கவிஞனுக்கு முதன்முதலாக மக்கள் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் தொழிற்சாலை பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினார்.

சிக்கல் மேனேஜர் பெயரில் இருந்தது. ஹ்ருஷிகேஷ். இரண்டாம் எழுத்து ஷி. அதற்கு இயைந்து வந்தவை குஷி, ருஷி, க்ருஷி. ஆனந்தம், முனிவர், விவசாயம்! எப்படித் திருப்பிப் போட்டாலும் கண்டனக் கோஷம் அந்த ஆளுக்குக் கும்பாபிஷேகம் செய்வதுபோல் வந்தது. ஒரு கட்டத்தில் அவரைப் பாராட்டி நான்கு அடி தயாராகிவிட்டது, அதுவும் நன்றாக. கேசவமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் மொபெட் சத்தம். பத்மாஸினி ஜன்னல் வழியாகப் பார்த்து, “ஜடையன் போறான். நம்ம தெருவுக்கு இன்னிக்கும் இல்லையாம்,” என்றாள்.

பூட்டுத் திறந்தாற்போல் ஒரு சத்தம் அவர் தலைக்குள் கேட்டது.

தடெதவ யாரு? ஜடெயா!
பிடதவ யாரு? ஜடெயா!
கொட பரிதாய்த்து, நடெயோ ஜடெயா!

தடுத்தவன் யார், ஜடையன். விடாதவன் யார், ஜடையன். குடம் காலியாச்சு, நடையைக் கட்டு ஜடையா. தமிழில் சொன்னால் சப்பென்று இருக்கும். கன்னடத்தில் ஒவ்வொரு வரியும் வால்வைத் திருகுவதுபோல் திருகிக்கொண்டு இறங்கியது. கேசவமூர்த்தி இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். மனசில் லேசாக ஏதோ உறுத்தியது. ஜடையன் என்பது இங்கே ஒரு குறியீடுதானே என்று அதற்குச் சமாதானம் சொன்னார். குறியீட்டுக்கு மரியாதைப் பன்மை போடலாமா என்றும் யோசித்தார், வரியில் இடமில்லை.

பத்மாஸினியிடம் பாடிக் காட்டினார். அவள் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தாள்.

“அவன் நமக்குத் தண்ணி விட்டவனோன்னோ?”

“இது தனி மனுஷனைப் பத்தி இல்லை பத்மா. இது ஒரு அமைப்பைப் பத்தி.”

“அமைப்புக்கு அவன் பேரை ஏன்னா வைக்கறேள்?”

இலக்கியம் தெரியாதவர்களோடு விவாதிப்பதில்லை என்பது அவர் கொள்கை.

மறுநாள் ஆர்ப்பாட்டம் கவிதையின் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள்கூடத் துள்ளினார்கள். பிராசம் தொண்டையைத் திறந்துவிட்டது. உள்ளூர்ச் சேனல் படம் பிடித்தது, செல்பேசிகளில் சுற்றியது, பக்கத்து லேஅவுட்காரர்களும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஜடையனை நடையைக் கட்டச் சொன்னார்கள். ஹ்ருஷிகேஷ் வெளியே வந்து கைகூப்பினார். கோஷத்தில் தன் பெயர் இல்லாதது அவருக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, நல்ல நிர்வாகி.

ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பழையபடி வந்தது. கம்பெனி வாசலில் அறிவிப்பும் ஒட்டினார்கள்: குடியிருப்போர் விருப்பத்தை மதித்து, முறை தவறி வால்வு திறந்த ஊழியர் ஜடையன் நீக்கப்பட்டார்.

கவிதை வென்றுவிட்டது. கேசவமூர்த்திக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

முறை தவறி என்ற சொல் அவர் நெஞ்சில் முள்ளாய் நின்றது. ஜடையன் எந்த நாள், எந்தத் தெருவுக்கு முறை தவறினார்? குழாயைத் திறந்தால் தண்ணீர் குதித்து வந்தது. இவர் உடனே மூடினார். குளிக்கும்போதுகூட யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. தெருவில் பெண் குழந்தைகள் கயிறு தாண்டிக்கொண்டு அதே கோஷத்தைப் பாடினார்கள். தாண்டுவதற்கு அவ்வளவு தோதான சந்தம். தான் எழுதியவற்றிலேயே குழந்தைகள் வாயில் ஏறிய முதல் பாட்டு இது என்று ஒரு கணம் பெருமைப்பட்டு, அந்தப் பெருமைக்காக அரைநாள் தன்னையே திட்டிக்கொண்டார். ஜடையனைப் புகழ்ந்து மாற்றுக் கோஷம் ஒன்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படங்கள் வந்தன. யாரும் பாடவில்லை.

இதற்குள் ஸுஷ்மா வந்து, யுகாதி விழாவில் இவருக்கு மைசூர்த் தலைப்பாகை வைத்துச் சால்வை போர்த்தப்போவதாகச் சொன்னார். சிறப்பு விருந்தினர் யார் என்று இவர் கேட்டார். ஹ்ருஷிகேஷ். சண்டை முடிந்துவிட்டதே, பெருந்தன்மையாக அவரே விழாச் செலவை ஏற்றுக்கொண்டார் என்றார் ஸுஷ்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேசவமூர்த்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஜடையன் வீட்டைத் தேடிப் போனார். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாய்க் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று. ஜடையன் நஞ்சன்கூட்டில் ஏதோ கம்பெனியில் மூட்டை தூக்கப் போய்வந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க சார். தண்ணி ஒழுங்கா வருதுங்களா?”

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று கேசவமூர்த்திக்குத் தோன்றியது. வருகிறது என்றார். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தார். ஜடையன் இவருக்கு அந்த வேலையை மிச்சப்படுத்தினார்.

“பாட்டு நீங்க கட்டுனதுதானுங்களே, சொன்னாங்க. நல்லாத்தானுங்க இருக்குது. மூட்டை தூக்கறப்ப எனக்கே வாயில வந்துருது.”

ஜடையன் மனைவி மாதேவி வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

“மேனேஜரு பேரு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியும்மா. அது... அந்தப் பேரு பாட்டுல உக்காரலை.”

“அது உக்காரலீன்னு எங்கூட்டுக்காரரத் தூக்கி உக்கார வெச்சுட்டீங்களாக்கும்.”

நாற்பது வருஷத்துக் கவிதை வாழ்வில் இவ்வளவு துல்லியமான விமர்சனத்தைக் கேசவமூர்த்தி கேட்டதில்லை. வாழைப்பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். முறை தவறியது எந்த நாள் என்று கேட்டார். பதில் தெரிந்தேதான் கேட்டார்.

“உங்க திதி அன்னைக்கு விட்டனுங்களே, அதுதான். வில்லால குளம் ரொம்பலீன்னு புகாராம். யாருக்கு விட்டேன்னு கேட்டாங்க. சொல்லலீங்க.”

“ஏன்பா? சொல்லியிருக்கலாமே.”

“அப்பாரு திதியப் போயி ஆபீசுல எப்படிங்க சொல்றது?” என்றார் ஜடையன், கொஞ்சம் சங்கடத்தோடு, இவருக்காக.

யுகாதி விழா வந்தது. கேசவமூர்த்தி தலையில் தலைப்பாகை ஏறியது. அது காதுவரை இறங்கியது. பக்கத்து நாற்காலியில் ஹ்ருஷிகேஷ் குஷியாக, ருஷி மாதிரி அமர்ந்திருந்தார். கூட்டம் புதுக் கவிதைக்காகக் காத்திருந்தது. பின்வரிசையில் யாரோ “தடெதவ யாரு” என்று எடுத்துக் கொடுத்தார்கள். பாதி அரங்கம் பதில் சொல்லிச் சிரித்தது.

கேசவமூர்த்தி தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிராசம் இல்லாமல், சந்தம் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையில் வெறும் வாக்கியங்களாகப் பேசினார். தண்ணீரைத் தடுத்தது ஜடையன் இல்லை, இதோ இவருடைய உத்தரவு. அது தெரிந்தும், சொல் வந்து விழுந்த அழகுக்காக ஜடையன் பெயரை வைத்தேன். முறை தவறித் தண்ணீர் திறந்தது என் வீட்டு ச்ராத்தத்துக்கு. கேட்டது நான், குடித்தது நான். தண்டனை அவருக்கு.

பேச்சு ரொம்பச் சுமார். இரண்டு இடத்தில் தடுமாறினார். ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் சபை உட்கார்ந்திருந்தது. ஹ்ருஷிகேஷ் மைக்கை வாங்கி, ஜடையனைப் போகச் சொன்னதே நீங்கள்தானே, பாட்டிலேயே இருக்கிறதே என்று மெதுவாக எடுத்துக் காட்டினார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் கேசவமூர்த்தியை உட்காரவைத்தது.

எழுந்தவர் ஸுஷ்மா. வங்கியில் கடன் தவறியவர்களிடம் பேசும் குரலில் மேனேஜரைக் கேட்டார்: உத்தரவு உங்களுடையதா, இல்லையா? ஹ்ருஷிகேஷ் தலைமையகம், கொள்கை, அழுத்தம் என்றெல்லாம் சுற்றினார். ஸுஷ்மா அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. மூன்றாம் தடவை முன்வரிசையும் சேர்ந்து கேட்டது. ஆம் என்று வந்தது. ஜடையனைத் திரும்ப எடுக்கும்வரை விடமாட்டோம் என்று சங்கம் எழுதிய கடிதம் உலகத்திலேயே வறட்டு நடையில் எழுதப்பட்ட கடிதம். கேசவமூர்த்தி அதில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை, கையெழுத்து மட்டும் போட்டார்.

சித்திரையில் ஒரு காலை மொபெட் சத்தம் கேட்டது. இரும்புச் சாவி குறுக்கே, ஜடையன். கயிறு தாண்டிக்கொண்டிருந்த குழந்தைகள் பார்த்துவிட்டன. அவரைக் கண்ட உண்மையான சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டு, அவரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த ஒரே பாட்டைப் பாடின.

ஜன்னல் ஓரத்தில் நின்ற கேசவமூர்த்தி திரையை இழுத்துவிட்டார். பத்மாஸினி திரையைத் திறந்துவிட்டுப் போனாள்.

ஜடையன் குழிக்குள் சாவியை இறக்கித் திருகத் தொடங்கினார். வரிக்கு ஒரு திருகு. தடெதவ யாரு, ஒரு சுற்று. பிடதவ யாரு, இன்னொரு சுற்று. அவர் உதடும் கூடவே அசைந்தது. மூன்றாவது வரியில் குழந்தைகள் அவரை நடையைக் கட்டச் சொன்னபோது, சமையலறைக் குழாய் இருமி, செருமி, தண்ணீர் விட்டது.

“குடத்தை வையுங்கோ,” என்றாள் பத்மாஸினி.

கேசவமூர்த்தி குடத்தை வைத்தார். அது நிறைகிற சத்தத்திலும் அந்தச் சந்தம்தான் கேட்டது. குறை சொல்ல முடியாத சந்தம்.