மூன்று கடைவாய்ப் பற்கள்

பெரியவளே, சின்னவனே, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். நேற்றுக் காலையில் சின்னவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுப்பா, இந்தப் பல்லைப் புடுங்கிப் போட்டுருங்க" என்றான். நான் கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று உங்களுக்குத் தெரியாது. நெஞ்சளவு குறைந்ததால்தான் அப்பாவுக்குப் பட்டாள வேலை கிடைக்கவில்லை என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். அது பொய்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. படிப்பு பிளஸ் டூவோடு நின்றிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாளத்தில் இருந்தார்கள். நானும் போய்விட்டால் வீடு நிமிர்ந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் ஒரு கூட்டாளியும் விடியுமுன் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஓடுவோம். எழுந்ததும் பல் தேய்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. அருவியில் குளிக்கும்போது வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்துத் துப்புவேன். மூலிகைத் தண்ணீர், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைப்பு. அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அதுவும் கிடையாது. திரும்பும்போது களைப்புக்குக் கடலைமிட்டாய் தின்போம். பல்லில் ஒட்டியது மறுநாள் வரை ஒட்டியே கிடக்கும்.

கூட்டாளி கால்சட்டைப் பையில் பிரஷ் வைத்திருப்பான். அருவிக்கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பல் தேய்ப்பான்.

"ஏலே, பொண்ணு பாக்கவா போறே? இந்தத் தேய் தேய்க்கே" என்பேன்.

"பட்டாள மெடிக்கல்ல பல்லையும் எண்ணுதாங்களாம்லே. எங்க மாமா சொன்னாரு."

"பல்லை எண்ண இது என்ன மாட்டுச் சந்தையா? ஓடுதது காலு. வாயி எதுக்குலே?"

அவனும் சிரிப்பான். ஆனால் தேய்ப்பதை நிறுத்த மாட்டான்.

எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கிராம்பை வைத்து ஒரு மாதம் ஓட்டினேன். பிறகு தென்காசியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். "வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சிரலாம் தம்பி, பல்லு நிக்கும். நாலு தடவை வரணும்" என்றார். நாலு நாள் ஓட்டம் கெடுமே என்று எனக்கு எரிச்சல். "புடுங்கிருங்க மேடம். பின்னாடி கெடக்கது, யாரு பாக்கப் போறா?" என்றேன். காலையும் இரவும் தேய்க்கச் சொல்லி அனுப்பினார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த பல்லுக்கும் அதே பேச்சு, அதற்கடுத்ததற்கும் அதே பேச்சு. கீழ்வரிசையில் மூன்று போயின.

திருநெல்வேலியில் ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் எங்கள் கூட்டத்தில் நான்தான் முதலில் வந்தேன். கம்பியைப் பிடித்துத் தொங்கி எழும்புவதிலும் முழு மதிப்பெண். மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, இந்தியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்க்காரர் நிமிர்ந்தார்.

"தம்பி, பல்லுக்குப் பாயிண்ட் உண்டு. கடைவாய்ப் பல்லுக்கு ரெண்டு. மேலயும் கீழயும் ஜோடியா இருந்தாத்தான் கணக்கு. மொத்தம் பதினாலு பாயிண்டாவது வேணும். உனக்குப் பன்னெண்டுதான் இருக்கு."

"சார், நான் ஓட்டத்துல ஃபர்ஸ்ட் சார்."

"தெரியுது. காது, மூக்குன்னா சரி பண்ணிட்டு வான்னு சொல்லலாம். புடுங்குன பல்லை எங்க போயித் தேடுவே?"

கூட்டாளி தேறிவிட்டான். அவன் வெளியே வருமுன் நான் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். பல் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"நெஞ்சளவு பத்தலைம்மா."

அம்மா, "ஒனக்குத் தெனம் ஒரு முட்டையாவது அவிச்சுத் தந்திருக்கணும்யா. எங்குத்தம்தான்" என்றாள்.

இல்லையென்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சரியாகச் சோறு போடவில்லை என்ற நினைப்போடுதான் அவள் கண்ணை மூடினாள். பட்டாள வேலை கைவிட்டுப் போனதைக்கூட ஒருவாறு மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

சின்னவனே, உன் பல்லை எடுக்க விட மாட்டேன். எத்தனை தடவை வரச் சொன்னாலும் வண்டி ஓட்டப் போகாமல் உன்னைக் கூட்டிப்போகிறேன். பெரியவளே, இரவு சாப்பிட்டதும் தேய்க்காமல் தம்பியைப் படுக்க விடாதே. நீயும் படுக்காதே.

அன்று போனை வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் ஒரு பிரஷும் சின்ன பேஸ்ட்டும் வாங்கினேன். செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினேன். அம்பாசமுத்திரம் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. கதவுப் பக்கம் இருந்த குழாயடியில் நின்று, மிச்சமிருந்த பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். நுரை சிவப்பாக வந்தது. குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டு, மறுபடியும் தேய்த்தேன்.