லாட்ஜுக்குச் சொன்ன கட்டணம்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. காற்றே இல்லாத வெயில். முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், அடி அண்ணாமலைல புதுசா லாட்ஜ் கட்டறோம்ங்க. மாசாமாசம் கணக்கு எழுதி ஜிஎஸ்டி போட எவ்ளோ ஆவும்?"

"எத்தனை ரூம்மா?"

"இருவது இருக்கும்ங்க."

இருக்கும்! சொந்தப் பணம் போட்டுக் கட்டுகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அடுத்து, அந்தக் கட்டணத்தில் எத்தனை பில் வரை எழுதுவேன், என்னிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். ஒரு மாதத்துக்குள் இப்படிக் கேட்டவர்களில் இவள் மூன்றாவது. முதல் இருவரும் கொட்டேஷன் வாங்கியதோடு சரி, பதிலே இல்லை. பேருந்து நிலையத்தருகே புதிதாகக் கணக்கு அலுவலகம் திறந்தவன்தான் ஆள் வைத்துக் கேட்கிறான் என்று முடிவு செய்தேன். முப்பத்தோரு வருடம் அடிபட்டு நான் கற்ற கட்டணம், அவனுக்கு ஒரு போனில் வேண்டுமாம்.

மூவாயிரம் வாங்கும் வேலைக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது என்று என் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இதற்கும் கீழே விலை சொல்லி அவன் கடையை மூடட்டும்.

நான்காம் நாள் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி வந்தார். நிலக்கடலை மண்டி, பதினோரு வருட வாடிக்கை. என்னிடம் இருப்பதில் பெரிய கணக்கு அவருடையது. அவர் போனால் அலுவலக வாடகைக்கே இடிக்கும். உட்காராமல் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் என் கையெழுத்து.

"லாட்ஜுக்கு ஆயிரத்து எழுநூத்தம்பது, எனக்கு மட்டும் மூவாயிரமா சார்?"

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"கேட்டது எங்க அக்கா பொண்ணு. நாந்தான் கேக்கச் சொன்னேன். புது ஆளுக்கு என்ன ரேட்டு சொல்றீங்கன்னு பாக்கலாம்னு."

"அது பொய் ரேட்டுங்க! எவனோ போட்டிக்காரன் கேக்கறான்னு நெனச்சு..."

"போட்டிக்காரனுக்குக் கம்மி, பதினோரு வருஷமா வர்றவனுக்கு ஜாஸ்தி. நல்லா எழுதுறீங்க சார் கணக்கு!"

வேவு பார்த்தவர் அவர், தலை குனிந்தவன் நான். இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நேரில் வந்து குறைக்கச் சொல்லியிருந்தால் இருநூறு ரூபாய் குறைத்திருப்பேன். ஆனால் அந்த ஆயிரத்து எழுநூற்றைம்பதுக்கே ஒப்புக்கொண்டேன். அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். நான் வரவழைத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பது நஷ்டம். இன்றோடு பதினான்கு மாதம். அந்த டீயையும் சேர்த்தால் பதினேழாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.