கழுத்தளவு நாற்பத்தொன்று

நான் குடிப்பதில்லை. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், என் மேசைமேல் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஜெர்மனியில், லண்ட்ஸ்ஹூட் என்ற ஊரில் தனியாக இருக்கிறேன். பழைய ஜெர்மன் ராணுவ உடைகளின் உள்துணியில் குத்தியிருக்கும் முத்திரையைப் படித்துச் சொல்வது என் வேலை. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்: எந்தக் கிடங்கு, எந்த வருடம். அதன் கீழே ஐந்து அளவுகள். முதுகு, கழுத்து, மார்பு, மொத்த நீளம், கை.

அந்த நவம்பரில் ஒரு பிற்பகல், வால்புர்கா அம்மாள் சாம்பல் நிற மேல்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். எண்பது வயது. பக்கத்து வீட்டை இடித்தபோது பரணில் கிடைத்ததாம்.

"என் அண்ணன் அன்செல்ம் சண்டைக்குப் போனவன், வீடு வந்து சேரல, தம்பி. புதைக்க உடம்பும் கிடைக்கல. நாப்பத்திநாலுல மியூனிக்ல உடுப்பு குடுத்தாங்க. இது அவனோடதுன்னா அப்பா அம்மா குழியில வெச்சு மூடிடுவேன். ஆறுதலுக்காகப் பொய் சொன்னீங்க, கெட்ட கோபம் வரும் எனக்கு!"

அவர் போனதும் முத்திரையைப் பார்க்கக் காலர் கொக்கியைக் கழற்றினேன். விளக்கை எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், கொக்கி மாட்டியிருந்தது.

கழற்ற மறந்திருப்பேன் என்று மறுபடி கழற்றினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தேன். மாட்டியிருந்தது...

துணி ஈரமாக இருந்தது. மழையில் நனைந்த வாசனை. அன்று மழையே இல்லை.

எம் 44. மியூனிக் கிடங்குதான், வருடமும் சரி. ஆனால் அந்த வருடம் அங்கே ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். அன்செல்முடையது என்று எதை வைத்துச் சொல்வது?

கிடங்கில் உடுப்பு கொடுப்பவன் அளவைக் கூவி, சட்டையை வீசி, "கச்சிதம்!" என்று கத்துவான். தொளதொளவென்று இருந்தாலும் கச்சிதம்தான், எதிர்த்துப் பேசக் கூடாது. நானும் வேடிக்கைக்கு அப்படிக் கூவுவேன். "எனக்குப் பத்தலையே!" என்று சமையலறையிலிருந்து பதில் கொடுப்பாள் என் மனைவி ரோஸ்விதா. அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. எனக்குப் பழக்கம் போகவில்லை.

"நாப்பத்திமூணு... நாப்பத்தொண்ணு... தொண்ணூத்திநாலு... அறுபத்தெட்டு... அறுபத்திரண்டு. கச்சிதம்!"

"இல்ல."

சின்னப் பையனின் குரல். எனக்குப் பின்னால்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அந்த வீட்டில் எனக்கு ஒருவர் பதில் சொல்லி அத்தனை காலம் ஆகியிருந்தது.

"கழுத்து இறுக்குது..."

திரும்பினேன். யாரும் இல்லை.

மேசைமேல் காலர் சுருங்கிக்கொண்டிருந்தது. தானாக. க்ரக்... க்ரக்...

கொக்கியை இழுத்தேன். வரவில்லை.

கத்திரிக்கோல்.

நறுக்.

"ஹா..."

ஒரு நீண்ட மூச்சு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மறுநாள் வால்புர்கா அம்மாளுக்குப் போன் செய்தேன்.

"முத்திரை பொருந்துதும்மா. ஆனா அதை மட்டும் வெச்சு அவரோடதுன்னு சொல்ல முடியாது. அப்புறம்... காலர் கொக்கியை வெட்ட வேண்டியதாப் போச்சு. மன்னிச்சிருங்க."

"எதுக்கு வெட்டினீங்க?"

"இறுக்குதுன்னு..." வாயில் வந்துவிட்டது. "யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சும்மா."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அவன் சண்டையில சாகல, தம்பி," என்றார். "சண்டை முடியப் போற சமயம், வீட்டுக்கு ஓடி வந்தான். ஊர் எல்லையிலேயே பிடிச்சுட்டாங்க. நம்ம ஆளுங்களே, சர்ச் வாசல் மரத்துல, தூக்குல போட்டாங்க, அப்புறம் உடம்பையும் குடுக்கல. நல்ல மழை. எனக்குப் பன்னெண்டு வயசு. அம்மாவோட கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு ஓடினேன். கால் இன்னும் ஆடிக்கிட்டிருந்துச்சு... கிட்டப் போக விடாம என்னைப் பிடிச்சு வெச்சுட்டாங்க."

அந்த வாரமே சட்டையைப் புதைத்தோம். பொத்தான் எதையும் மாட்ட அவர் விடவில்லை.