கான்ட்ராக்டரின் காருக்கு இரண்டு புகைக்குழாய்

1. எல்லைக் கிளர்ச்சி சூடாக இருந்த வருடம். எங்கள் ஊரைத் தமிழ்ப் பகுதியோடு சேர்க்கச் சொல்லும் மனுவுக்காக, குன்னத்துகால் அருகே சபைப் பள்ளிக்கூடத்தில் ஏழு பேர் கூடினார்கள். அண்ணன் அதில் ஒருவன்.

2. போலீஸ் வந்தது. ஆறு பேர் ஓடித் தப்பினார்கள். மனுவைக் கிழித்துக்கொண்டு நின்ற அண்ணன் பிடிபட்டான்.

3. ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோன நான் மேசைமேல் ஏழு பெயர்கள் எழுதிய தாளைப் பார்த்தேன். கொக்கி போட்ட அந்த 'ற' எனக்குத் தெரியும். எங்கள் மோட்டார் பட்டறையில் சீட்டு எழுதி வண்டியை ரிப்பேருக்கு விடும் கான்ட்ராக்டருடையது.

4. மறு வாரம் அவரே காரோடு வந்தார்.

யுத்தத்துக்கு முந்தைய எட்டு சிலிண்டர் கார். சத்தமே இருக்காது. அன்று பள்ளிக்கூட மதில்வரை வந்து தலைகளை எண்ணிப் போனது யாருக்கும் கேட்கவில்லை.

நான் மெட்ராஸில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்துவிட்டு அப்பாவின் பட்டறையில் இருந்தேன்.

"மோளே, திருவனந்தபுரத்தில ஒருத்தன் வண்டிக்கு ரெண்டு குழாய் வச்சிருக்கான். எனக்கும் வேணும். நான் அமரவிளையில வாறது பாறசாலையில நிக்கிறவனுக்குக் கேக்கணும்."

"கேக்கும். சீட்டு எழுதித் தாருங்க."

வண்டிக்காரர் கைப்பட எழுதாமல் அப்பா ஸ்பேனரைத் தொடமாட்டார். கான்ட்ராக்டர் எழுதினார். அதே 'ற'.

அந்தக் காரில் இடப்பக்க நான்கு சிலிண்டர்களின் புகை, எஞ்சினுக்கு முன்னால் ஒரு குறுக்குக் குழாய் வழியே வலப்பக்கம் போய் ஒரே சைலன்சரில் சேரும். குறுக்குக் குழாயைக் கழற்றினேன். வலப்பக்க வாயைத் தகடு வைத்து அடைத்தேன். இடப்பக்கத்துக்குத் தனிக் குழாய் இறக்கி, பிரேக் குழாயில் படாமல் மூன்று விரல் தள்ளி வளைத்தேன். எங்கும் கசிவில்லை. நான் வைத்த இரண்டு சைலன்சர்கள் மட்டும் ஒரு சாண் நீளம். உள்ளே தடுப்பு கிடையாது. பழைய குழாயை அறுத்து அதிலேயே கிளாம்பு செய்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "இது சைலன்சர் ஆக்குமா, மக்கா? ஊரே எழும்பும்."

"சீட்டுல அப்படித்தான் உண்டு."

ஸ்டேஷனில் பார்த்த தாளைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அப்பா சீட்டை எடுத்து அந்த 'ற'வைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு இஞ்ச் குறை," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆறு பேரும் அதே பள்ளிக்கூடத்தில் புது மனுவோடு கூடினார்கள். நானும் இருந்தேன். பெயர்கள் போலீஸிடம் இருந்தாலும், மனுவோடு பிடித்தால்தான் வழக்கு நிற்கும். அரை மைலுக்கு அப்பாலேயே கார் கேட்டது. அது வந்து நின்றபோது மனு என் வரைபடச் சுருளுக்குள் இருந்தது. ஆறு பேரும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். காரின் பின்சீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"வாரும் மாமா," என்றார் ஆறு பேரில் மூத்தவர், கான்ட்ராக்டரிடம். "கட்டைக் குரலுக்கு ஆளில்லாம நிக்கிறோம். நீரு பாடவேண்டாம், வண்டியை ஸ்டார்ட் பண்ணி விட்டா போதும்."

போலீஸ்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

திங்களன்று கான்ட்ராக்டர் பட்டறைக்கு வந்தார்.

"பழைய குழாய் எங்க?"

"அறுத்தாச்சு."

"புதுசு செய்து மாட்டு, மோளே. சத்தம் வேண்டாம்."

"சீட்டு எழுதித் தாருங்க," என்று பென்சிலையும் தாளையும் நீட்டினேன். "ஏழு வரி வேண்டாம். ஒரு வரி போதும்."

பென்சிலை வாங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். எழுதாமல் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் வீடு வந்துவிட்டான். இடது மணிக்கட்டு முழுதாக மடங்காது. மனு போய்ச் சேர்ந்தது, ஆனாலும் எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. நாங்கள் கேரளத்தில் இருக்கிறோம். அந்த ஆறு பேரில் ஒருவரும் பிடிபடவில்லை. கான்ட்ராக்டரை நான் மன்னிக்கவில்லை.