நம்தாபாவில் யார் சமைப்பது?

காசிக்கு முப்பத்தோரு தடவை போய் வந்தவர் எங்கள் கணேசமூர்த்தி. விஸ்வநாதரை எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று கேட்டால் இரண்டு விரலைக் காட்டுவார். மயிலாப்பூரில் ஒரு யாத்திரைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சமையல் அவர்தான். நாங்களெல்லாம் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு தரிசனத்துக்குக் கிளம்பும் நேரம், அவருக்குச் சாம்பார் கொதிக்கும் நேரம். நாங்கள் திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தால் பரிமாற வேண்டும். சாப்பிட்டுவிட்டு நாங்கள் ஒரு தூக்கம் போடுவதற்குள் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இதில் சாமியை எங்கே பார்ப்பது?

இதெல்லாம் எனக்கு இத்தனை நாள் தெரியாது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவரோடு நாலு யாத்திரை போயிருக்கிறேன். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மனுஷரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் சுந்தரவல்லி. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடையாறில் குடியிருக்கிறேன். என் கணவர் போன பிறகு வீட்டில் உட்கார முடியாமல், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முகத்துவாரத்தில் பறவை பார்க்கிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். அங்கே எனக்குக் கிடைத்த கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பொன்ராஜ். இன்னொருத்தி ஜஹீதா, பிசியோதெரபிஸ்ட். என் முழங்காலை நடக்க வைத்தவளே அவள்தான்.

மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம். அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு மூலையில் இருக்கிற நம்தாபா தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். காட்டுக்குள் ஆறு நாள் தங்குவதாகத் திட்டம். உள்ளே நடந்து போய்க் கூடாரம் போடும் இடத்தில் டீக்கடையா இருக்கும்? அரிசியிலிருந்து தீப்பெட்டி வரை நாமே கொண்டுபோக வேண்டும் என்று அங்கிருக்கும் வழிகாட்டி போனில் சொல்லிவிட்டார். எனக்கு உடனே கணேசமூர்த்தி ஞாபகம் வந்தது. வருகிறீர்களா என்று கேட்டதும், கம்பெனியில் அவரே லீவு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாமான் பட்டியல் போட்டோம். பயத்தம்பருப்பு, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று பேனாவை நிறுத்தினார்.

"மாமி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் காலம்பற நானும் உங்களோட காட்டுக்குள்ள வரலாமா?"

"நீங்க வந்துட்டா டிபனை யார் பண்றது?" என்று சட்டென்று கேட்டுவிட்டேன். என் வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு, பெருங்காயம் என்று அடுத்த வரியில் எழுதினார்.

பேச்சை மாற்ற, "அங்கே குளிருமாம். உங்களுக்கென்ன, பத்ரியிலேயே பனியெல்லாம் பார்த்தவர்" என்றேன்.

"பத்ரியில நான் வெளியில எங்க மாமி போனேன்? மூணு தடவை போயிருக்கேன், ஒரு தடவைதான் முதலாளி 'இன்னிக்கு நீர் போய்த் தரிசனம் பண்ணிட்டு வாரும்'னார். அன்னிக்குத்தான் உங்களுக்கு மூச்சு முட்டித்து."

ஒன்பது வருஷமாக ஊரெல்லாம் நான் சொல்லும் கதை இது. பத்ரிநாத்தில் எனக்கு மூச்சு முட்டியதும், கணேசமூர்த்தி பக்கத்திலேயே உட்கார்ந்து சுக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியதும். அது அவருக்குக் கிடைத்த ஒரே லீவு என்பது மட்டும் என் கதையில் இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கப்படாதா?"

"கஞ்சி குடிச்சிண்டிருக்கறவாகிட்ட போய் இதையெல்லாம் சொல்வாளா, மாமி?"

அவர் போன பிறகு வெகுநேரம் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. யார் மேல் பாய்வது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்ராஜ் கையில் கிடைத்தார். காட்டில் காலையில் கணேசமூர்த்தியும் நம்மோடு வரட்டும், அன்றைக்கு டிபன் வேண்டாம் என்றேன்.

"காலையில சூடா எதாச்சும் வயித்துக்குள்ள போகலேன்னா எனக்குக் கண்ணே தெரியாதுக்கா. அப்புறம் பறவை எங்க பாக்க?" என்றார் மனுஷர்.

"அப்ப நீரே அடுப்பை மூட்டிச் சூடா பண்ணிக்கும்! கை இருக்கோன்னோ?" என்று கத்தினேன். நடைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பத்ரி கதையை முழுசாகச் சொன்னேன். பொன்ராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மூணு பேர் இருக்கோம், ஆறு காலை இருக்கு. ஆளுக்கு ரெண்டு நாள் சமைப்போம். இதுல என்ன ஆன்ட்டி கஷ்டம்?" என்றாள் ஜஹீதா. அவ்வளவுதான் விஷயம். ஆறு நாள் என்று சொன்னால் கணேசமூர்த்தி ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால், அவர் கேட்டபடி ஒரு நாள் என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

எங்கள் சமையல் லட்சணத்தைப் பார்க்க என் வீட்டில் ஒத்திகை வைத்தேன். ஊருக்கெல்லாம் வாணலி விற்கிற பொன்ராஜுக்கு ரவையை வறுக்க வேண்டும் என்பதே தெரியவில்லை. அவர் கிண்டிய உப்புமாவைச் சுவரொட்டி ஒட்ட எடுத்துப் போகலாம். கணேசமூர்த்தியை மேஜை முன்னால் உட்கார வைத்து நாங்கள் பரிமாறினோம். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்கிறேன், கரண்டி எடுக்கிறேன் என்று மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் ஜஹீதா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நன்னாருக்கு" என்று உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படியொரு மனுஷர்.

சாப்பிட்டு முடிந்ததும் வழிகாட்டி அனுப்பியிருந்த விவரத்தாளைக் கைபேசியில் நிரப்ப ஆரம்பித்தேன். பெயர், வயது, கடைசியில் 'என்ன பார்க்க ஆசை?' என்று ஒரு கேள்வி. ஜஹீதா வாலில்லாத ஹூலாக் குரங்கு என்றாள். பொன்ராஜ் இருவாட்சிப் பறவை என்றார். நான் கிடைக்காது என்று தெரிந்தே, உடம்பெல்லாம் மேகத் திட்டாக இருக்கும் படைச்சிறுத்தை என்று போட்டுக்கொண்டேன்.

"உங்களுக்கு?" என்று கணேசமூர்த்தியைக் கேட்டேன்.

"எனக்குப் பேரெல்லாம் தெரியாதே மாமி."

"எதுவானாலும் சொல்லுங்கோ. கேட்டிருக்கார், பதில் போடணும்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொழுது விடியறதைப் பார்க்கணும். வேலைக்கு வந்த நாள்லேர்ந்து விடியறச்சே அடுப்புக்கு முன்னாடிதான் நின்னுண்டிருக்கேன். ஒரு தடவை இருட்டுலேர்ந்து ஆரம்பிச்சு, வெளிச்சம் வர்ற வரைக்கும், கையில கரண்டி இல்லாம பார்க்கணும். அப்படி எழுதலாமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். பொன்ராஜ் கை கழுவுகிறேன் என்று உள்ளே போனவர் குழாயை மூடவே இல்லை.

பத்து நிமிஷத்தில் வழிகாட்டியிடமிருந்து பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன். குரங்குக்கும் சிறுத்தைக்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது, விடியலுக்குச் சொல்ல முடியும், ஆறு நாளும் அவரை நானே எழுப்பிக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தார்.

கணேசமூர்த்தி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு நாளுமா, மாமி?"