திரியும் அவனே கொடுத்தான்

சிகிச்சை தொடங்கியதிலிருந்து என் மனைவிக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. இட்லி, ரசம், பழச்சாறு, எதை வாயில் வைத்தாலும் "மண்ணு மாதிரி இருக்குதுங்க" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். ஆள் பாதியாகிவிட்டாள். இப்படியே போனால் அடுத்த ஊசியை உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெந்நீரில் கலந்த மலைத்தேன் மட்டும், ருசி தெரியாவிட்டாலும், வழவழவென்று தொண்டையில் இறங்கியது. அதுவும் அந்த வருஷம் கல்வராயன் மலையில் மழை கெடுத்ததில் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கோலாலம்பூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. "என்னால வர முடியாது. நீங்களாச்சும் போய்ப் பாத்துட்டு வாங்க" என்று தன் தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

அங்கே ஒரு நடைபாதையில் தமிழ்ப் பையன் ஒருவன் தேன் விற்றுக்கொண்டிருந்தான். "யப்பா, ரோட்டுல ஒண்ணும் வாங்கிடாதீங்க" என்று மகள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அது ஏமாறுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. நான் வருஷா வருஷம் வெள்ளிமலைச் சாலையில் வண்டியை நிறுத்தித் தேன் வாங்குகிறவன். திரியைத் தேனில் முக்கிக் கொளுத்துவேன். எரிந்தால்தான் பையில் கை போகும்.

"தம்பி, திரி போட்டுப் பாக்கலாமா?" என்றேன், பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி.

"தாராளமா பாருங்கண்ணே. நம்ம ஆளுங்க பாக்காம வாங்க மாட்டாங்கன்னு தெரியும்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு திரியை எடுத்தான். லைட்டரும் அவனுடையதுதான். முக்கிக் கொளுத்தியதும் கார்த்திகை தீபம் போல நின்று எரிந்தது. திரியும் கையுமாகத் தேன் விற்கிறானே, எவ்வளவு நேர்மையான பிள்ளை என்று நெகிழ்ந்துபோய்க் கூடுதலாக ஒரு பாட்டில் வாங்கினேன்.

ஊர் வந்ததும் சட்டைகூட மாற்றாமல், அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக் கண்காட்சியைத் தொடங்கினேன். சாமி விளக்குக்கு வைத்திருந்த பஞ்சுத் திரியை முக்கிக் கொளுத்தினேன். உஸ் என்று அணைந்தது. இன்னொரு குச்சி. இன்னொரு குச்சி. நுரைத்துக் கறுத்ததே தவிர எரியவில்லை.

"காத்து" என்றேன். மின்விசிறி நின்றிருந்தது.

"அங்க எரிஞ்சுதா?"

"நல்லா எரிஞ்சுது."

"திரி யாருது?"

எண்ணெயில் ஊறிய திரி எதில் முக்கினாலும் எரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, திரியும் அவனே குடுத்தானா?" சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலானது. முதுகைத் தடவிய கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. கடல் தாண்டிப் போயும் ஒரு வாய் ஆகாரம் கொண்டுவரத் துப்பில்லாதவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு சொட்டு குடுங்க. எதுல ஏமாந்தீங்கன்னு பாக்கலாம்."

விரலில் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடினாள்.

"சக்கரைப் பாகுங்க இது. கரும்பாலைப் பக்கம் வருமே, அந்த வாசன. கொஞ்சம் தீஞ்சிருக்குது."

கரும்பு லாரிக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்து போகிற ஊர் எங்களுடையது. அந்த ஊருக்கு விமானத்தில் சர்க்கரைப் பாகு கொண்டுவந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். தீஞ்சிருக்குது என்றாளே. மண் என்று சொல்லவில்லையே.

அவளும் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினால் வந்த ருசி போய்விடுமோ என்று இருவருக்கும் பயம்.

அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு கரண்டி வாங்கி, வெகுநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினாள்.

"இன்னாங்க இது, உப்பு கம்மியா இருக்குது."

உப்பு ஜாடியை எடுக்க உள்ளே போனவன் அதைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தேன்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? கஞ்சி ஆறிப்போவுது!" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.