வகுப்பில் மட்டும் பிரம்மச்சாரி

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்தப் பேரும் எழுந்து நின்று "குட் ஈவினிங் சார்" என்றார்கள். நானும் பழக்கதோஷத்தில் கையமர்த்தி உட்காரச் சொல்லிவிட்டேன். பிறகு நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு கிளம்பியது. நிஜமான வாத்தியார் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். என்னைப் பார்த்து அவரே ஒரு கணம் தயங்கினார்.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மேனேஜ்மெண்ட் படித்த பையன்கள் மீசை சரியாக முளைப்பதற்குள் எங்கள் தலைக்குமேல் அதிகாரியாக வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். "நீயும் ஒரு டிப்ளமா வாங்கிடுய்யா, மேல தூக்கி விடறேன்" என்றார் மேனேஜர். வாரத்தில் சில மாலைகள், போதாததற்கு ஞாயிற்றுக்கிழமையும், ரயிலேறி மெட்ராஸ் போய்ப் படிப்பது என்று முடிவாயிற்று.

முடிவு செய்தது நான். சுமந்தது என் மனைவி. பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் தூளியில். நான் படிக்கும்போது தூளிக் கயிற்றின் நுனியை என் கால் கட்டைவிரலில் மாட்டிவிடுவாள். அது ஒன்றுதான் வீட்டில் என் பங்கு. மார்க்கெட்டிங் பாடம் முழுவதையும் நான் காலை ஆட்டியபடியேதான் நெட்டுருப் போட்டேன். பரீட்சையில் எந்தக் கேள்விக்காவது பதில் வரவில்லை என்றால் மேஜைக்கடியில் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருந்தவன், "அண்ணாத்த, பெஞ்சு ஆடுது" என்று கெஞ்சுவான்.

அந்த வகுப்பில் எல்லோரும் இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு. டெரிலின் சட்டை, காது மூடிய கிராப்பு. முதல் வாரமே ஒருவன் கேட்டான்: "அண்ணாத்த, ஃபேமிலி எல்லாம்?" ஏற்கெனவே "சார்" என்று எழுந்து நின்ற அவமானம் ஆறவில்லை. தலைக்கு மை பூச ஆரம்பித்திருந்தேன். குடும்பஸ்தன் என்றால் கிழவன் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயம். "இன்னும் ஒண்ணும் அமையல" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டும். ஒருவன் தன் அத்தை மகளின் ஜாதகத்தையே கொண்டுவந்துவிட்டான். "அவங்களுக்கும் முப்பது தாண்டிடுச்சு, அண்ணாத்த. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுப் போவீங்க." அந்த ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். இல்லாத மாப்பிள்ளைக்கு எந்த ஜாதகம் பொருந்தும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை, வேன் பிடித்து மாமல்லபுரம் பிக்னிக் என்றார்கள். வீட்டில் நாள் முழுக்க ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். "அப்ப நான் புள்ளைங்கள இட்டுகினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நீங்க வந்து நிம்மதியா படிங்க" என்றாள். அவள் அம்மா வீடு சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்குப் பின்னால் மீனவர் தெருவில். மாமல்லபுரம் வேறு, அது வேறு என்று நானும் நிம்மதியாகவே போனேன்.

கடற்கரையில் சாப்பாடு முடிந்ததும் ஒருவனுக்குச் சரித்திர ஆர்வம் வந்துவிட்டது. "பக்கத்துல ஒரு கோட்டை இருக்காமே, பார்த்துட்டுப் போலாம்."

"அங்க இன்னா கீது, வெறும் இடிஞ்ச செவுரு. பாம்பு ஜாஸ்தி" என்றேன். பயத்தில் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

பாம்பு என்றதும் அத்தனை பேருக்கும் உற்சாகம் பிறந்தது. வேன் தெற்கே திரும்பியது.

கோட்டை வாசலில் இறங்கும்போது எல்லோருக்கும் பின்னால் இறங்கினேன். கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே நடந்தேன். நாலு வயதுக் குழந்தையை ஏமாற்ற அது போதாது. மதில் ஓரம் கருவாடு காயவைத்திருந்த பக்கமிருந்து "நைனா" என்று ஒரு குரல். என் பெரியவள் மணலில் கால் புதையப் புதைய ஓடிவருகிறாள். பின்னால் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி.

நான் செய்தது இதுதான்: என் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணாத்த, பாப்பா உங்களைத்தான் கூப்பிடுது" என்றான் ஜாதகக்காரன்.

"இந்தப் பக்கத்துப் புள்ளைங்க எல்லாரையும் நைனான்னுதான் கூப்புடும்" என்றேன்.

என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது. கேட்கும் தூரத்தில்தான் நின்றாள்.

என் மனைவி என் பேரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பெரியவளைத் தூக்கி முன்னால் நிறுத்துவாள், குழந்தைதான் சொல்லும். எனக்கு அவள் வைத்திருந்த பேர் "இந்தாங்க". கூட்டத்தில் தேடினால் "பாப்பா நைனா".

அவள் வந்து பெரியவளின் கையைப் பிடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, என் பேரை முழுசாக, இனிஷியலோடு சொல்லி, "சார் தானே? நல்லா கீறீங்களா?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அது வேறு யாருடைய பேரோ போலிருந்தது.

"தெரிஞ்சவங்களா அண்ணாத்த?" என்றான் ஒருவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரர் ஆபீசுல சாரும் கீறாரு."

"உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"அவரு மெட்ராசுல பெரிய படிப்பு படிச்சிகினு கீறாருப்பா. இன்னிக்குக்கூட ஸ்பெஷல் கிளாசு. பாவம், எங்கியாவது நல்லது பொல்லதுக்குப் போவக்கூட அவருக்கு நேரமில்ல."

குரலில் துளி கோபம் இல்லை. பையன்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். வீட்டிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினாள். என்னிடம் வந்தபோது, "குடிங்க சார், வெயில் ஜாஸ்தி" என்றாள். பெரியவள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்கப் போகும்போதெல்லாம் அம்மாவின் கை அவள் தோளை லேசாக அழுத்தியது.

வேன் ஹாரன் அடித்தது. நான் ஏறினேன். ஆமாம், ஏறினேன். ஜன்னலோர இடம் வேறு கிடைத்தது.

சவுக்குத் தோப்பு தாண்டும்போது ஜாதகக்காரன் சொன்னான்: "நல்ல லேடி அண்ணாத்த. அந்த மனுஷன் கொடுத்து வச்சவன்."

"நிறுத்தச் சொல்லு" என்றேன்.

"வாந்தியா?"

"அந்த மனுஷன் நான்தான்டா."

யாரும் சிரிக்கவில்லை. முதல் நாளிலிருந்து நான் என்ன செய்தாலும் சிரித்த கூட்டம் அது. ஒருவன் எழுந்து எனக்கு வழி விட்டான். டிரைவர் மட்டும் "சீக்கிரம் எறங்குய்யா" என்றார். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தார் ரோட்டில் கால் சுட நடந்தேன். ஷூவை ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கோயிலுக்குப் போவதுபோல் நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

மாமியார் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னா மாப்ள, கிளாசு சீக்கிரம் வுட்டாங்களா?" என்றாள். என் மனைவி அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே போனேன். மனைவி சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. பெரியவள் மூலையில் கிளிஞ்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவர எழுந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். அம்மாவின் பக்கம் திரும்பி, ரகசியமாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"யம்மா, இப்ப நைனான்னு கூப்புடலாமா?"

"அவரையே கேளு" என்றாள் என் மனைவி.

குழந்தை கேட்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தது.